தண்ணி வரலைன்னா மேல நடந்து பாரு

போன புரட்டாசியில ஒரு புதன்கிழமை. காலையில பத்தரை மணி இருக்கும். கணுக்கால் தண்ணியில கேஜ் வீல் மாட்டி தொழி ஓட்டிக்கிட்டு இருந்தேன். வயல் கோடிக்குப் போய்த் திரும்பும்போது எஞ்சின் சத்தம் இறங்குச்சு. ஆக்சிலேட்டரைக் கூட்டினேன். ஒரு நொடி தூக்கிச்சு, மறுபடி இறங்குச்சு. மூச்சிரைப்புக்காரர் மாடிப்படி ஏறுற மாதிரி ரெண்டு தடவை இழுத்து இழுத்துப் பார்த்துட்டு நின்னே போச்சு.

டிராக்டர் நின்னதும் வயல்ல ஒரு அமைதி வரும். எனக்கு அதைவிடப் பிடிக்காத சத்தம் வேற இல்லை. பின்னாடியே புழு பொறுக்கிக்கிட்டு வந்த கொக்குங்க கூட, என்ன ஆச்சு இந்த ஆளுக்குன்னு நின்னு பார்த்துச்சு.

டவுன்ல இருக்கறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். தொழி ஓட்டறதுன்னா, நடவுக்கு முன்னாடி தண்ணி கட்டி மண்ணைக் கூழு மாதிரி ஆக்கறது. அதுக்கு டயருக்குப் பக்கத்துல இரும்புக் கூண்டு மாதிரி சக்கரம் மாட்டுவோம். அதுதான் கேஜ் வீல். தொழி ஆகி, பரம்படிச்சு, மண்ணு படிஞ்ச பிறகுதான் நாத்து நட முடியும். எல்லாத்துக்கும் தேதி இருக்கு. நாத்தங்கால்ல வெள்ளைப் பொன்னி நாத்துக்கு அன்னைக்கு 27 நாள். முப்பது தாண்டினா நாத்து முத்திடும், தூர் கட்டறது குறையும். நடவுக்குப் பக்கத்து ஊரு பொம்பளைங்க பதினாலு பேர்கிட்ட வெள்ளிக்கிழமைக்குச் சொல்லி வெச்சாச்சு. அந்த நாளை விட்டா அவங்க அடுத்த ஊருக்குப் போயிடுவாங்க, திரும்ப வர எட்டு நாள் ஆகும். வாய்க்கால்ல எங்களுக்கு முறைத் தண்ணியும் வெள்ளி வரைக்கும்தான்.

இது எல்லாம் ஒரு எஞ்சின் ஓடுறதை நம்பித்தான் நிக்குது. அது வயல் நடுவுல சேத்துல நிக்குது.

எங்க ஊரு ஜீயபுரம் பக்கம். ஸ்ரீரங்கம் தாலுகான்னா எல்லாரும் கோயில் இருக்கற தீவுன்னு நினைச்சுக்குவாங்க. காவிரிக்குத் தெக்கால இருக்கற எங்க ஊருங்களும் அதே தாலுகாதான். பாசனம் உய்யக்கொண்டான் வாய்க்கால். ராஜராஜ சோழன் காலத்து வாய்க்கால்னு சொல்லுவாங்க, ஆயிரம் வருஷமாத் தண்ணி ஓடுது. எனக்குச் சொந்தம் ரெண்டு ஏக்கர், குத்தகை ஒன்றரை ஏக்கர். டிராக்டர் பழசு, நான் வாங்கும்போதே ரெண்டாங்கை. 35 குதிரைத் திறன், மூணு சிலிண்டர். என் வயல் வேலை போக, அக்கம்பக்கத்துல உழவு ஓட்டித்தான் அதோட செலவை அதுவே பார்த்துக்குது.

எஞ்சின் இறங்கி நின்ன அந்தச் சத்தம் எனக்குப் புதுசு இல்லை. அதுக்கு முந்தின வருஷமும் இதே புரட்டாசியில இதே மாதிரிதான் நின்னுச்சு. அப்ப நான் என்ன செஞ்சேன்னு முதல்ல சொல்லிடறேன். வெக்கமாத்தான் இருக்கு, ஆனா அதைச் சொல்லாம மிச்சத்தைச் சொன்னா கதை பாதிதான்.

அப்ப நானே முடிவு பண்ணிட்டேன், பம்ப் போயிடுச்சுன்னு. டிராக்டர்காரங்க ‘பம்ப்’னு சொன்னா அது தண்ணி பம்ப் இல்லை, டீசலை அளந்து அழுத்திக் குடுக்கற பம்ப். மெக்கானிக்கை வரச் சொல்லி, “தம்பி, பம்ப் அவுட்டு, கழட்டிடு”ன்னு சொன்னேன். அவரும் கழட்டிக் குடுத்தாரு. துணியில சுத்தி, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு பஸ் ஏறி, திருச்சியில ஒரு பம்ப் கடையில குடுத்தேன். “பழசாயிருக்கு, எலிமென்ட் மாத்தி கேலிபரேஷன் பண்ணணும்”னாங்க. 14,500 ரூபாய். கையில இல்லை. என் வீட்டுக்காரம்மா ஒண்ணும் பேசலை. காதுல இருந்த தோட்டைக் கழட்டி மேசை மேல வெச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. அதை அடகு வெச்சு பம்பை மீட்டேன்.

பம்ப் வந்து மாட்டினதும் ஓடுச்சு. நாலே நாள்ல மறுபடி நின்னுச்சு. அதுக்குள்ள நடவு ஒருவழியா முடிஞ்சு போச்சு. அப்புறம் வாழைத்தார் ஏத்தறது, எரு அடிக்கறதுன்னு சின்னச் சின்ன வேலைதான். அதுல ஒரு தொந்தரவும் பண்ணலை. சரி, பம்ப் செட் ஆயிடுச்சு போலன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். தோடு அடகுலயே இருந்துச்சு.

இப்ப மறுபடி புரட்டாசி, மறுபடி அதே இழுப்பு. வரப்புல உக்காந்து மெக்கானிக்குக்குப் போன் போட எடுத்தேன். அதுக்கு முன்னாடி மவன் சென்னையிலேர்ந்து கூப்பிட்டான். விஷயத்தைச் சொன்னேன். “வித்துடுங்கப்பா. வாடகைக்கு ஓட்டிக்கலாம். இன்னும் எதை அடகு வைப்பீங்க?”ன்னான். அவன் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லை. அதனாலதான் அது வலிச்சுது.

அப்பதான் மாமா வரப்பு மேல வந்தாரு. சொந்த மாமா இல்லை, ஊரு முறையில மாமா. எழுபது தாண்டிடுச்சு. கரண்டு மோட்டார் வர்றதுக்கு முன்னாடி, கிணத்து மேட்டுல ஆயில் எஞ்சின் ஓடின காலத்துல, சுத்துப்பட்டுல ரிப்பேருக்கு அவரைத்தான் கூப்பிடுவாங்க. இப்ப ஸ்பானர் புடிக்கக் கை நடுங்குது. அதனால எதையும் தொட மாட்டாரு, கேள்விதான் கேப்பாரு.

“டக்குன்னு நின்னுச்சா மாப்ளே, இழுத்து நின்னுச்சா?”

“இழுத்து நின்னுச்சு மாமா.”

“நிக்கும்போது சைலன்சர்ல புகை எப்படி?”

“புகையே இல்லை. அப்படியே தேஞ்சு போச்சு.”

“கிளம்பி எவ்வளவு நேரத்துல?”

“அரை மணி, முப்பத்தஞ்சு நிமிஷம்.”

“கொஞ்ச நேரம் விட்டா ஸ்டார்ட் ஆகுமா?”

“ஆகும். ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். மறுபடி அரை மணியில நிக்கும். ஆனா ஒண்ணு மாமா, எனக்கே புரியலை. டாங்க் நிறைய டீசல் ஊத்தின அன்னைக்குத்தான் நிக்குது. அஞ்சு லிட்டர் ஊத்திக்கிட்டு லோடு அடிச்சா நாள் பூரா ஓடுது.”

மாமா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சிரிச்சாரு. “நீ பம்பைக் கழட்டினப்ப இதை யார்கிட்டயாவது சொன்னியா?”

சொல்லலை. நான் யார்கிட்டயும் நோயைச் சொல்லவே இல்லை, மருந்தைத்தான் சொன்னேன். டாக்டர்கிட்ட போய் வயிறு வலிக்குதுன்னு சொல்லாம, எனக்குக் குடல்ல ஆபரேஷன் பண்ணுங்கன்னு படுத்துக்கிட்ட மாதிரி.

அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காரணம் இருக்கு. அதை அப்புறம் பொறுமையா விளக்கினாரு. டக்குன்னு, யாரோ சுவிட்சை அணைச்ச மாதிரி நின்னா, நிறுத்தற கம்பி மாட்டிக்கிச்சா, ஏதாவது உடைஞ்சுதான்னு பார்க்கணும். இழுத்து இழுத்து நின்னா டீசல் போதலைன்னு அர்த்தம். ஸ்டார்ட்டர் சுத்தும்போது சைலன்சர்ல புகையே வரலைன்னா டீசல் சிலிண்டருக்குப் போய்ச் சேரலை. வெள்ளைப் புகை வந்தா டீசல் போகுது, ஆனா எரியலை. தண்ணி கலந்திருக்கலாம், எஞ்சின் அழுத்தம் கம்மியா இருக்கலாம். கருப்புப் புகைன்னா டீசல் அதிகம், காத்து கம்மி. அப்ப ஏர் கிளீனரைப் பாரு, டீசல் லைனைத் தொடாதே. சத்தம் ஏறி இறங்கி ஊஞ்சல் மாதிரி ஆடினா லைன்ல காத்து புகுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் ஒரு வார்த்தை சொன்னாரு. “உன் வயல்ல தண்ணி ஏறலைன்னா என்ன பண்ணுவ? வயல்ல நின்னு மண்ணைத் தோண்டுவியா, வாய்க்கால் கரையைப் புடிச்சு மேல நடப்பியா?”

மேலதான் நடப்பேன். இது எங்க ஊர்ல சின்னப் பையனுக்கும் தெரியும். கடைமடையில தண்ணி வரலைன்னா கோளாறு கடைமடையில இருக்காது. எவனாவது மேல மடையைத் திறந்து விட்டிருப்பான், குழாய்ல வாழைமட்டை அடைச்சிருக்கும், இல்லைன்னா மதகையே இறக்கி வெச்சிருப்பாங்க. நான் போன வருஷம் செஞ்சது என்னன்னா, தண்ணி வரலைன்னு வயலைப் பேத்து எடுத்து டவுனுக்குக் கொண்டு போய் 14,500 ரூபாய் குடுத்து சமன் பண்ணிக்கிட்டு வந்தேன்.

டிராக்டர்ல டீசல் போற வாய்க்காலை ஒரு தடவை மேலேர்ந்து கீழ சொல்றேன். முதல்ல டாங்க். அதுக்கு அடியில ஒரு சல்லடை, ஒரு டேப். அங்கேர்ந்து ஒரு கிண்ணம், தண்ணியும் கசடும் தங்கறதுக்கு. அப்புறம் ஃபீட் பம்ப், அதுல கையால அமுக்கற ஒரு குமிழ் இருக்கும். அடுத்து வரிசையா ரெண்டு ஃபில்டர். அதுக்கு அப்புறம்தான் பெரிய பம்ப். பெரிய பம்புலேர்ந்து மூணு சிலிண்டருக்கு மூணு இரும்புக் குழாய், ஒவ்வொண்ணோட முனையிலயும் ஒரு நாசில். நாசில்தான் வயல். அங்க டீசல் புகை மாதிரி பீச்சி அடிக்கணும்.

மிஞ்சின டீசல் ரிட்டர்ன் பைப் வழியாத் திரும்பி வரும். இது எங்க ஊருக்காரங்களுக்குப் புரிய வைக்க ரொம்பச் சுலபம். அதுதான் கொள்ளிடம். முக்கொம்புல காவிரி ரெண்டாப் பிரியுது இல்லையா, வெள்ளத்தை வாங்கிக்கறது கொள்ளிடம். அது தாழ்வான ஆறு. கட்டுப்பாடு இல்லைன்னா தண்ணியெல்லாம் அங்கதான் ஓடும், காவிரி காஞ்சு போகும். அதைத் தடுக்கத்தான் ஆர்தர் காட்டன் 1836-லேர்ந்து 1838 வரைக்கும் அங்க மேலணையைக் கட்டினாரு. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி அந்தக் கொள்ளிடம் பக்கத்து மதகு ஒன்பது உடைஞ்சுதே, அப்ப நாங்க எல்லாரும் பதறினதும் இதுக்குத்தான். டிராக்டர்லயும் அந்த இடத்துல ஒரு சின்ன வால்வு இருக்கு, உள்ள ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் செத்துப் போனா, டீசல் எல்லாம் கொள்ளிடத்துல ஓடின மாதிரி டாங்குக்கே திரும்பிடும். பம்புக்கு வேண்டிய அழுத்தம் நிக்காது. அந்த வால்வைப் பார்க்காமலேயே பம்பைக் கழட்டறவங்களும் உண்டு.

பெரிய பம்பைப் பத்தி ஒரு வார்த்தை. அதை ஏன் கண்டபடி கழட்டக் கூடாதுன்னு புரியும். ருடால்ஃப் டீசல் தன்னோட எஞ்சினை ஓட்டிக் காட்டினது 1897-ல. ஆனா அது வண்டிக்குள்ள அடங்கற அளவுக்குச் சின்னதாகி, வேகமா ஓடறதுக்கு நல்ல பம்ப் வேண்டியிருந்துச்சு. 1927-ல ஜெர்மனியில பாஷ் கம்பெனி அந்தப் பம்பை வரிசையாச் செஞ்சு விக்க ஆரம்பிச்சாங்க. நம்ம நாட்டுல 1951-ல பெங்களூர்ல மைக்கோ கம்பெனி வந்துச்சு. மாமா மாதிரி ஆளுங்க இன்னமும் ‘மைக்கோ பம்ப்’னுதான் சொல்லுவாங்க. அந்தப் பம்புக்குள்ள ஓடுற உருளைக்கும் அதோட கூட்டுக்கும் இருக்கற இடைவெளி ரெண்டு மூணு மைக்ரான்தான். நம்ம தலைமுடியோட கனத்துல இருபதுல ஒரு பங்கு கூட இருக்காது. டீசலே அதுக்கு எண்ணெயும். தூசி போனா கீறிடும், தண்ணி போனா துருப்பிடிக்கும். அதனால கோளாறு பம்புல இருக்கறதைவிட, அதுக்கு முன்னாடி இருக்கற பத்து ரூபாய் சாமான்ல இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். முதல்ல மலிவானதைப் பாரு, சுலபமானதைப் பாரு, அப்புறம் பெருசுக்குப் போ. மாமாவோட முறை அவ்வளவுதான்.

நாங்க அன்னைக்குச் செஞ்சது இதுதான். முதல்ல கிண்ணத்தைக் கழட்டி ஒரு கண்ணாடி பாட்டில்ல ஊத்தி அஞ்சு நிமிஷம் வெச்சோம். டீசல்ல தண்ணி இருந்தா அடியில தங்கி தனியாத் தெரியும். தெரியலை. டேப்பைத் திறந்தோம், டீசல் தாராளமா வந்துச்சு. ஃபில்டர் மேல இருக்கற ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கினோம். காத்து இருந்தா நுரை நுரையா வரும். ரெண்டு குமிழி வந்துட்டு சுத்தமா வந்துச்சு. ஃபில்டர் ரெண்டும் மாத்தி மூணு மாசம்தான் ஆச்சு.

“எல்லாம் சரியா இருக்கே மாமா”ன்னேன்.

“ஓடும்போது வர்ற நோயை நிறுத்தி வெச்சுப் பார்த்தா எப்படித் தெரியும்? ஸ்டார்ட் பண்ணு.”

ஓடுச்சு. மறுபடி தொழி அடிச்சேன். சரியா முப்பது நிமிஷம். அதே இழுப்பு, அதே சாவு.

அப்ப மாமா ஒரு வெள்ளைக் கேன் கேட்டாரு, அஞ்சு லிட்டர். நல்லாக் கழுவிக் காய வெச்ச கேன் ஒண்ணு மோட்டார் கொட்டாயில இருந்துச்சு. அதுல புது டீசல் ஊத்தி, டிராக்டர் டாப் கம்பியில கட்டித் தொங்கவிட்டோம், சைலன்சர் சூடு படாத பக்கமா. கேன் வாயை மூடலை, தூசி விழாம மெல்லிசாத் துணி மட்டும் போட்டோம். டாங்குலேர்ந்து வர்ற பைப்பைக் கழட்டிட்டு, கேன்லேர்ந்து ஒரு டியூபை நேரா ஃபீட் பம்புக்குக் குடுத்தோம். ரிட்டர்ன் பைப்பையும் கேன்லயே விட்டோம். ஏர் எடுத்தோம், ஸ்டார்ட் பண்ணேன்.

குளுக்கோஸ் பாட்டில் ஏத்தின நோயாளி மாதிரி இருந்துச்சு வண்டி. ரோட்டுல போனவங்க எல்லாம் நின்னு பார்த்தாங்க. ஆனா ஓடுச்சு. அரை மணி தாண்டுச்சு. முக்கால் மணி. ஒரு மணி நேரம். சத்தத்துல ஒரு பிசிறு இல்லை. கேன் காலியாகற வரைக்கும் ஓடுச்சு.

இந்த ஒரே ஒரு சோதனையில வாய்க்கால் ரெண்டாப் பிரிஞ்சிடுச்சு. கேன்ல ஓடுதுன்னா பெரிய பம்ப் நல்லா இருக்கு, நாசில் நல்லா இருக்கு, ஃபில்டர் நல்லா இருக்கு, ஃபீட் பம்ப் நல்லா இருக்கு. கோளாறு அதுக்கு மேலதான், டாங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவுல. கேன்லயும் நின்னிருந்தா டாங்கை மறந்துட்டுக் கீழ தேடணும். செலவு, ஒரு கேன், ஒரு முழம் டியூப். போன வருஷம் இதைச் செஞ்சிருந்தா தோடு காதுல இருந்திருக்கும். அந்த ஒரு மணி நேரமும் உழுதுக்கிட்டே இதைத்தான் நினைச்சேன்.

மணி ரெண்டு. “இப்பப் பழையபடி டாங்குலேயே மாட்டு. டாங்கை விளிம்பு வரைக்கும் நிரப்பு”ன்னாரு மாமா. நிரப்பினேன். “மூடியை நல்லா இறுக்கு. ஓட்டு. சத்தம் இறங்கும்போது வண்டியை நிறுத்தாம நியூட்ரல் பண்ணிட்டு எனக்குக் கை காட்டு.”

இருபது நிமிஷம் கூட ஆகலை, சத்தம் இறங்குச்சு. கை காட்டினேன். மாமா வரப்புலேர்ந்தே கத்தினாரு, “மூடியைத் திற!”

திருகினேன். ‘புஸ்ஸ்’னு ஒரு சத்தம், சோடா பாட்டில் திறக்கற மாதிரி. ஆனா இதுல காத்து வெளிய வரலை, உள்ள போச்சு. என் உள்ளங்கையில அந்த இழுப்பு தெரிஞ்சுது. அடுத்த ரெண்டு மூணு நொடியில எஞ்சின் தானா எழுந்துச்சு. நான் ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை. பழைய சத்தத்துக்கு வந்து நின்னுச்சு.

மூடியைத் தலைகீழாத் திருப்பிப் பார்த்தேன். அதுல ஒரு ஊசி ஓட்டை இருக்கணும், காத்து போறதுக்கு. அந்த இடத்துல கெட்டியா எம்சீல் பூசி இருந்துச்சு. பூசினது நான்தான்.

எனக்கு அப்பதான் ஞாபகம் வந்துச்சு. பம்பைக் கழட்டினதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, ஆடி மாசம். டிராக்டருக்குக் கொட்டகை கிடையாது, வேப்ப மரத்தடியிலதான் நிக்கும். ஒருநாள் மழைக்கு அப்புறம் கிண்ணத்துல தண்ணி இருந்துச்சு. மூடி வழியாத்தான் இறங்குதுன்னு, ஓட்டையைச் சேர்த்து மூடியைச் சுத்தி எம்சீல் வெச்சு அடைச்சேன். அடியில ஒரு ரப்பர் துண்டும் வெட்டி வெச்சேன். தண்ணி நின்னுச்சு, பெருமையா இருந்துச்சு. தண்ணியை நிறுத்தறேன்னு காத்தையும் நிறுத்திட்டேன்.

காத்து உள்ள போகலைன்னா டாங்குல டீசல் குறையக் குறைய உள்ள வெற்றிடம் மாதிரி ஆயிடும். அது டீசலைப் பின்னாடி இழுக்கும், ஃபீட் பம்ப் முன்னாடி இழுக்கும். கடைசியில டாங்க் ஜெயிச்சிடும். டாங்க் நிறைய இருந்தா மேல காத்துக்கு இடம் கொஞ்சம்தான், ரெண்டு லிட்டர் டீசல் செலவானாலே இழுப்பு பலமாயிடும். அதான் நிறைச்ச அன்னைக்கு சீக்கிரம் நின்னுச்சு. அஞ்சு லிட்டர் மட்டும் இருக்கும்போது டாங்க் பூராக் காத்துதான், அது விரிஞ்சு குடுத்துடும். அதான் லோடு அடிக்கும்போது தொந்தரவே இல்லை. நின்ன பிறகு கால் மணி விட்டா, எங்கயோ ஒரு மயிரிழை இடுக்குல காத்து மெல்ல உள்ள போயிடும். அதான் மறுபடி ஸ்டார்ட் ஆச்சு. டேப்பைத் திறந்து பார்த்தப்ப தாராளமா வந்ததும் அதனாலதான். புரியாத நாலு விஷயமும் ஒரே ஊசி ஓட்டையில போய்ச் சேர்ந்துச்சு.

நான் மூடியைத் திறக்கறது காலையில டீசல் ஊத்தும்போது மட்டும்தான். ராத்திரியெல்லாம் நின்ன வண்டி எப்படிப் புஸ்னு சொல்லும்? வயல்ல நிக்கும்போது, டாங்க் நிறைய இருக்கறது தெரியும்னு திறந்தே பார்க்கலை.

வயல்லயே ஆணியைச் சூடு பண்ணி எம்சீலைக் குடைஞ்சு எடுத்து, ஓட்டையைத் திறந்தேன். அன்னைக்கு ராத்திரி எட்டரை வரைக்கும் லைட் போட்டு ஓட்டினேன். வியாழக்கிழமை பரம்பு. வெள்ளிக்கிழமை காலையில ஏழு மணிக்குப் பொம்பளைங்க வந்து இறங்கினாங்க. நாத்துக்கு 29 நாள்.

புதன் ராத்திரி சாப்பிடும்போது வீட்டுல விஷயத்தைச் சொன்னேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, காத்து, வெற்றிடம்னு சுத்தி வளைச்சேன். அவங்க கேட்டுட்டு, “ஏங்க, புது எண்ணெய் டின்னுக்கு எதிரும் புதிருமா ரெண்டு ஓட்டை எதுக்குப் போடறோம்? ஒரு ஓட்டை போட்டா கடக் கடக்னு நின்னு நின்னுதானே ஊத்தும்?”னாங்க. முப்பது வருஷமா அவங்க அடுப்படியில செய்யறதை நான் வயல்ல மறந்துட்டேன். தோட்டைப் பத்தி அவங்க ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா கூட நல்லா இருந்திருக்கும்.

மெக்கானிக்கையோ பம்ப் கடைக்காரங்களையோ நான் குறை சொல்ல மாட்டேன். அவங்ககிட்ட நான் டிராக்டரைக் கொண்டு போகலை, பம்பை மட்டும்தான் கொண்டு போனேன். பழைய பம்புல தேய்மானம் இருக்கத்தான் இருக்கும், அதை அவங்க சரி பண்ணிக் குடுத்தாங்க. கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரும். நான் கேட்ட கேள்வியே தப்பு.

மழைத் தண்ணிக்கு இப்ப என்ன வழின்னு கேப்பீங்க. ஒரு பெரிய கொட்டாங்குச்சியை மூடி மேல கவுத்து, சைக்கிள் டியூபால கட்டி விட்டிருக்கேன். தண்ணி இறங்காது, காத்து போகும். வாரம் ஒருதடவை கிண்ணத்தைத் திறந்து கசடை வடிக்கறேன். காலையில ஊத்தினதை விட்டுட்டு, வேலை முடிஞ்சு சாயங்காலமே டீசல் ஊத்தி வெச்சுடறேன். காலி டாங்குல ராத்திரிக் குளிருக்கு ஈரம் வேர்த்துத் தண்ணியா இறங்கும். நிறைஞ்ச டாங்குல அதுக்கு இடம் இல்லை.

யாராவது இதைப் படிச்சுட்டுக் கையை வைக்கறதா இருந்தா, ஒரு எச்சரிக்கை. ஃபில்டர் வரைக்கும் நீங்களே பார்க்கலாம். பம்புக்கு அப்புறம் இருக்கற இரும்புக் குழாய்லயும் நாசில்லயும் எஞ்சின் சுத்தும்போது கை வெச்சுப் பார்க்காதீங்க. அங்க டீசல் 200 பார் அளவு அழுத்தத்துல வருது. கார் டயர்ல இருக்கறதைப் போல நூறு மடங்கு. தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளிய சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனா விரலையே எடுக்க வேண்டிய நிலைமை வரலாம். அப்படி ஆனா வலி இல்லைன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

டவுன்ல டிராக்டர் இல்லைன்னு நினைக்காதீங்க. உங்க அபார்ட்மென்ட் ஜெனரேட்டருக்கும் இதே டாங்க், இதே ஃபில்டர், இதே பம்புதான். மழை நாள்ல கரண்டு போய், ஜெனரேட்டர் அரை மணி ஓடி இழுத்து நின்னா, பம்ப் மாத்தறதுக்கு வசூல் பண்றதுக்கு முன்னாடி வாட்ச்மேன் அண்ணன்கிட்ட டாங்க் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்க. ரிப்பேர்க்காரர் வந்தா எது கெட்டுப் போச்சுன்னு சொல்லாதீங்க. எப்ப நின்னுச்சு, எப்படி நின்னுச்சு, எப்ப நிக்கலைங்கறதைச் சொல்லுங்க. ‘எப்ப நிக்கலை’ங்கறதுதான் முக்கியம். அஞ்சு லிட்டர்ல ஓடுதுன்னு நான் ஒரு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா போதும்.

மவனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சான். அப்புறம், “அந்தக் கேன் தொங்கின போட்டோ இருந்தா அனுப்புங்கப்பா”ன்னான். வித்துடுங்கன்னு அதுக்கப்புறம் சொல்லலை.

தை அறுவடை சுமாரா வந்துச்சு. நெல்லு போட்ட காசுல முதல் வேலையா வட்டியும் முதலும் கட்டித் தோட்டைத் திருப்பினேன். கட்டின வட்டியையும் சேர்த்தா அந்த ஊசி ஓட்டை விலை 16,000 ரூபாய்க்கு மேல. மாமாவுக்கு ஒரு வேட்டி எடுத்துக் குடுத்தேன். வாங்கிக்கிட்டு, “எம்சீல் மிச்சம் இருக்கா மாப்ளே? இருந்தா குடு, எங்க வீட்டுக் குடம் ஒழுகுது”ன்னாரு.